கல்வெளியில் நான் நட்ட அறுகு

உயிருள்ள ஒன்றைக் கண்டு என் கைகள் நடுங்கியது வாழ்நாளில் இரண்டு முறை. முதல் முறை, மருத்துவமனைத் தாதி என் மகளைத் துணியிற் சுற்றி என்னிடம் தந்தபோது. இரண்டாம் முறை, அறுபத்தொன்பதாம் வயதில், மெல்பேர்ண் நகரின் மேற்கே டார்னெய்ட்டில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்திலுள்ள ஒரு கல்வெளியில், பெருவிரலின் ஒரு கணுவளவே உள்ள பூச்சியொன்று தன் பின்சிறகை விரித்துக் காட்டியபோது. அந்தப் பூச்சியைப் பற்றியும், அதற்கு நான் என் கையாலேயே, அதுவும் பக்தியோடு, செய்த தீங்கைப் பற்றியும், அத்தீங்கை நீக்க நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியும் இங்கே எழுதுகின்றேன்.

நகரின் தென்கிழக்கே டண்டினொங்கில் பிளாஸ்டிக் வாளிகள் வார்க்கும் தொழிற்சாலையொன்றில் இயந்திரத்தின் முன் நின்று ஓய்வு பெற்ற பின்னர், மகளின் வீட்டுக்கு அருகில் இருக்கலாம் என்று நானும் மனைவியும் டார்னெய்ட்டுக்கு வந்து சேர்ந்தோம். புதிய வீடு. முன்பக்கம் முழுவதும் சீமெந்து. பின்பக்கம் பிளாஸ்டிக் புல். வெயிலில் அது கொதிக்கும். மழையில் அது மணக்கும். மனைவிக்கு வேறொரு குறை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருக்களைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வாடகை மண்டபமொன்றிற் கூடிப் பிள்ளையாரை வழிபடுவது வழக்கம். பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை கட்டுவது என் மனைவியின் பொறுப்பு. பிளாஸ்டிக் புல்லில் மாலை கட்ட இயலாதல்லவா?

எங்கள் குடியிருப்பின் கடைசித் தெருவுக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையில் ஒரு நிலம் வெறுமனே கிடந்தது. அதைத் தாண்டி நான் காலை நடை போவேன். கருங்கற்கள் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும். சில கற்கள் ஆட்டுக்குட்டியளவு, சில ஒரு காரின் முன்பகுதியளவு. எத்தனையோ காலத்துக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய சமவெளியின் கற்கள் அவை என்பதை அப்போது நான் அறியேன். நிலத்தின் நடுவே ஒரு பள்ளம். மாரியில் அதில் நீர் நிற்கும். கோடையில் அந்நீர் வற்றி, ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். உப்பைச் சுற்றி உமரிச்செடி போன்ற ஒன்று கணுக்கணுவாக வளர்ந்து, வெயில் ஏற ஏறச் சிவக்கும். மேட்டுப் பக்கத்திற் புல் உண்டு. ஆனால் எங்கும் பரவிய புல் அன்று. ஒரு குடுமி, ஒரு சாண் வெறும் மண், மறுபடியும் ஒரு குடுமி. வழுக்கை விழும் தலையைப் போன்ற நிலம் என்று எனக்குப் பட்டது. இத்தனை வெறுமண்ணை யாரும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்களே என்று உள்ளபடியே வருந்தினேன்.

ஸ்பிரிங்வேலில் உறவினர் ஒருவரின் வீட்டு வேலியோரம் அறுகு செழித்திருந்தது. அதிற் கணுக்கள் நிறைந்த கொடிகளைப் பிடுங்கி, ஈரத் துணியிற் பொதிந்து வந்து, உப்புப் பள்ளத்துக்கு மேலே, பெரிய கல்லொன்றைச் சுற்றியிருந்த வெறுமண்ணில் நட்டேன். ஒரு கோடை முழுவதும் வாளியில் நீர் சுமந்து ஊற்றினேன். உப்பு மண் அதனை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அறுகு கற்களுக்கு அடியிற் புகுந்து மறுபக்கம் எழுந்தது. அடுத்த ஆண்டு மனைவி இரு கைகளும் கொள்ளாத அளவு கிள்ளி வந்தாள். புல் நிலத்தில் புல் நட்டவனை யார் குறை கூறுவார் என்று எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணியதாகக்கூடச் சொல்ல முடியாது. அப்படியொரு கேள்வியே என் மனத்தில் எழவில்லை.

பின்னர் ஒரு நாள் அந்நிலத்தைச் சுற்றி வேலி வந்தது. பலகையும் வந்தது. அதன்பின் மாலைக்கான அறுகு உறவினர் வீட்டு வேலியோரத்திலிருந்தே வந்தது. பலகையை வாசித்துக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். நாற்பது வயதிருக்கும், வெயிலிற் பழுத்த முகம், முழங்கால்களிற் சேறு. அழிந்துகொண்டிருக்கும் புல்வெளிகளைக் காப்பதே தம் வேலை என்றும், சனிக்கிழமை காலைகளில் விருப்பமுள்ளவர்களை உள்ளே அழைத்துச் செல்வதாகவும் கூறினார். அழியப் போகும் புலியைப் பற்றி அறிவேன். அழியப் போகும் புல்லைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போனேன். தனியே போகக் கூச்சப்பட்டு, நடையில் எனக்குத் துணையாக வரும் நண்பரையும் அழைத்துச் சென்றேன். அவர் திருநெல்வேலிக்காரர், அரசாங்க அலுவலகமொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு வந்திருப்பவர். மனுக்கள் எழுதுவதில் வல்லவர். பேருந்து மூன்று நிமிடம் பிந்தினாலும் இரண்டு பக்கம் எழுதுவார். என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை ஐயா என்பேன்.

அன்றைய காலைப் பொழுதை எப்படிச் சொல்வேன்? வழுக்கை என்று நான் நினைத்த நிலத்தில், நடக்க நடக்கப் பெயர்கள் முளைத்தன. செம்பழுப்புக் கதிர் தொங்குவது கங்காருப் புல். பஞ்சு போன்ற வெண்கதிர் ஏந்தி நிற்பது வல்லபிப் புல். அந்த அதிகாரி ஒவ்வொன்றின் அருகிலும் குந்தியிருந்து, விரலால் தொட்டுக் காட்டினார். இச்சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் இப்படியே கிடந்ததாம். உழுதும், மேய்த்தும், வீடு கட்டியும் முடிந்த பின் துண்டு துண்டாகச் சிலவே மிஞ்சினவாம். அவற்றிலும் கல்லும் உப்புப் பள்ளமும் சேர்ந்து அமைந்த துண்டு மிக அரிதாம். கல் கலப்பையைத் தடுத்தது, உப்பு மாட்டைத் தடுத்தது, அதனால்தான் இது பிழைத்தது என்றார். வீடு கட்டுகிறவர் எதற்கும் உதவாதவை என்று ஒதுக்கிய இரண்டும் சேர்ந்து ஓர் உலகத்தைக் காத்திருக்கின்றன.

பல்லிகளைக் கணக்கெடுக்க வைத்த பழைய கூரை ஓடுகளில் ஒன்றை அவர் தூக்கினார். கீழே ஒரு சாண் நீளத்தில், கோடு போட்ட உடம்போடு, ஒன்று சுருண்டு கிடந்தது.

"பாம்பு, பாம்பு. அண்ணாச்சி, பின்னால வாங்க," என்று நண்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, சட்டையை விடுங்கோ. அது கால் இல்லாத பல்லியாம்."

"கால் இல்லைன்னா பாம்புதானே? அதுக்கு வேற என்ன பேரு?"

அதிகாரி அதன் தலையின் ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். கண்ணுக்குப் பின்னே ஊசிமுனையளவு செவித்துளை. பாம்புக்கு அது கிடையாது. நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, நான்கடி தூரத்தில் நின்றே பார்த்தார். "காது இருக்கு. சரி, ஒத்துக்கிடுதேன்," என்றார்.

அந்த ஆண்டின் இறுதியில்தான், இங்கே கோடை பிறக்கும் டிசம்பரின் ஒரு நண்பகலில், அந்தப் பூச்சியைக் கண்டேன். ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கி நான் அதனைப் பொன்வெயில் அந்து என்று எழுதிக்கொள்வது வழக்கம். அந்து என்றால் இரவில் விளக்கைச் சுற்றுவது என்பார்கள். இதுவோ, காற்றடங்கி வெயில் எரிக்கும் நடுப்பகலில் மாத்திரம் பறக்கும். ஆண் பூச்சிகள் புல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில், எதையோ தொலைத்தவை போல அங்குமிங்கும் விரைந்துகொண்டிருந்தன. பெண் பூச்சி பறக்கவில்லை. இரண்டு குடுமிகளுக்கு இடையிலுள்ள வெறுமண்ணிற் காய்ந்த புல்லின் நிறத்திலேயே உட்கார்ந்திருந்தது. மேலே ஆணின் நிழல் விழுந்ததும், முன்சிறகைச் சற்று விலக்கிற்று. உள்ளே பொன். தட்டார் தேய்த்து எடுத்த புதுப் பொன். ஒரு கணம் காட்டி மூடிக்கொண்டது. என் கைகள் நடுங்கியது அப்போதுதான்.

அதிகாரி மெல்லிய குரலில் விளக்கினார். இதன் புழு மண்ணுக்குள் இருந்து வல்லபிப் புல்லின் வேரைத் தின்று ஆண்டுக்கணக்காய் வளர்கிறது. வெளியே வந்தபின் வாழ்வது சில நாட்களே. பெண் அந்து அதிக தூரம் பறக்காதாகையால், இந்தத் துண்டு நிலம் போனால் இங்குள்ளவை தெருக்களைத் தாண்டி வேறெங்கும் போய்ச் சேரமாட்டா. அது உட்கார வெறுமண் வேண்டும். புல் மெத்தையாய் மூடிவிட்டால் மேலே பறக்கும் ஆணின் கண்ணுக்கு அந்தப் பொன் தெரியாது. அவர் இதைச் சொன்னபோது நான் தலையாட்டிக் கேட்டிருந்தேன். மேட்டின் மறுபக்கத்துப் பெரிய கல்லின் நினைவு எனக்கு வரவேயில்லை.

அது வந்தது இலையுதிர் காலத்தில், ஏப்ரல் மாதத்தில். கோடை முழுவதும் யாரும் போகாத அந்தப் பக்கத்தை அளந்து வரச் சென்ற அதிகாரி, கையில் ஒரு நீண்ட கொடியோடு திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது. பள்ளத்துக்கு மேலே ஒரு பெரிய களையின் படர்ச்சி. எங்கள் வீட்டு முன்கூடம் அளவுக்கு மண் தெரியாமல் மூடிவிட்டது. வல்லபிப் புல்லின் குடுமிகள் அதற்குள் திணறி நிற்கின்றன என்றார். கொடியைத் தூக்கிப் பிடித்து அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் தந்திருந்த களைகளின் பட்டியலிற் பலமுறை வாசித்திருக்கின்றேன். ஆனால் அது அவர் கையிலிருந்து கணுக்கணுவாகத் தொங்கியபோதுதான் கண்டேன். வெள்ளிதோறும் பிள்ளையாரின் கழுத்திலே நான் காண்கின்ற அதே புல்.

வேலியோரமாக இல்லாமல் நடு நிலத்தில் இது எப்படி வந்ததென்று விளங்கவில்லை என்றார் அதிகாரி. நண்பருக்கு உடனே விளங்கிவிட்டது.

"வீடு கட்டுற கம்பெனிக்காரன் லாரிதான். மண்ணைக் கொண்டாந்து ராத்திரியோட ராத்திரியா கொட்டியிருப்பான். அடுத்த சனிக்கிழமைக்குள்ள மனு எழுதுதேன். மொத கையெழுத்து அண்ணாச்சிதான்."

நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அதிகாரி மேலும் விளக்கினார். நவம்பரின் வெயில் நாட்கள் தொடங்கியதும் அந்துகள் வெளிவரத் தொடங்கும். அதற்குள் இப்படர்ச்சி நீங்காவிட்டால், அது நிலம் முழுவதையும் பிடிப்பதற்கு முன் மருந்தடிப்பதைத் தவிர வழியில்லை. மருந்து அறுகைக் கொல்லும். அதனிடையே நிற்கும் வல்லபிப் புல்லையும் கொல்லும். வேரிலுள்ள புழுக்கள் பட்டினியாற் சாகும். கையாற் களைய ஆளில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன் உட்கார்ந்தேன். கை சோற்றிற் படவில்லை.

"என்னப்பா, கறி உப்போ?" என்றாள் மனைவி.

"உப்பில்லை. அந்த அறுகு நான் நட்டனான் எல்லே."

"ஓம், நட்டனியள். அதுக்கென்ன?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் நீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த மனுசன் கம்பெனிக்காரன்ரை தலையிலை போட்டு எழுதப் போறார். நீங்கள் கையெழுத்து வைக்கப் போறியளோ?"

"அதுதான் யோசிக்கிறன்."

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? போய்ச் சொல்லுங்கோ. புல்லு நட்டதுக்குப் பொலிஸ் பிடிச்சு மறியலிலை போடாது."

மறு சனிக்கிழமை வாயிலருகே நாங்கள் கூடியபோது நண்பர் கோட்டு அணிந்து வந்திருந்தார். மனு மூன்று பக்கம். ஆங்கிலம் அணிவகுத்து நின்றது. முதற் பக்கத்தை அவர் வாசித்து முடிக்குமுன் நான் கையை உயர்த்தினேன். என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம்; சுற்றி வளைக்கத் தெரியாதது. அந்தப் புல்லை நட்டவன் நான், அது எங்கள் கடவுளுக்கு உரியது, வெறும் நிலம் என்று எண்ணி நட்டேன் என்று கூறினேன்.

அதற்கு நீர் ஊற்றினீர்களா என்று அதிகாரி கேட்டார்.

ஒரு கோடை முழுவதும், வாளியால், என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் எடுத்தது. தம் உத்தியோக வாழ்வில் இவ்வளவு அன்பாக வளர்க்கப்பட்ட களையைத் தாம் கண்டதில்லை என்றார். சிரிப்பு அடங்கியதும், நேரிற் சொன்னதற்கு நன்றி கூறினார். ஆனால் நவம்பர் நவம்பர்தான் என்றும் சொன்னார்.

நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. தாள்களை நான்காக மடித்தார்.

"மூணு பக்கம் எழுதியிருக்கேன் அண்ணாச்சி. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"பிழைதான் ஐயா. வெக்கமாயிருந்தது."

"உங்களுக்கு வெக்கம். எனக்கு அகராதி பாத்தே ஒரு வாரம் போச்சு," என்று சொல்லி, என்னோடு பேசாமலே வீடு வரை என் கூட நடந்து வந்தார்.

ஆளில்லை என்று அதிகாரி சொன்ன சொல் என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபத்தில், பூசை முடிந்து கடலை பரிமாறும் வேளையில், எழுந்து நின்று பேசினேன். முன்னர் நான் கூட்டத்திற் பேசியதில்லை. பூச்சியைப் பற்றியும் அதன் பொன்னைப் பற்றியும் சொன்னேன். நான் நட்டதைச் சொன்னேன். வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பைகளில் இட்டு முடிந்து அனுப்ப ஆட்கள் தேவை என்று சொன்னேன்.

"கறுப்புப் பையிலையோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "பிள்ளையாற்றை புல்லைக் குப்பைக்குப் போடுறதோ, அங்கிள்?"

மண்டபம் இரைந்தது. வேரோடு அறுகு பிடுங்குவது பாவம் என்றார் ஒருவர். நுனியைத்தான் கிள்ள வேண்டும் என்றார் இன்னொருவர். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மையார், "எங்க வீட்டுக்காரர் லான் மிஷின்ல வாரா வாரம் அறுகம்புல்லைத்தான் வெட்டி குப்பைத் தொட்டியில போடறார். அதுக்கு யார் கேட்டா?" என்றார். சிரிப்பு எழுந்தது, ஆயினும் யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பின்னர்தான் என் மனைவி கடலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"இஞ்சை கேளுங்கோ. நுனி பிள்ளையாருக்கு, வேர் பைக்கு. வேரோடை பிடுங்கி, வாசலிலை மேசை போட்டு, இலை நுனியை மட்டும் வெட்டிக் கழுவி எடுத்து வருவம். பிள்ளையாற்றை பங்கு அவருக்கு வந்திடும். மிச்சம் என்னவாகுதெண்டு அவர் எட்டிப் பாக்கவே போறார்?"

"எட்டிப் பாத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாத்தா, மருந்தடிச்சுச் சாகிறதை விட இது நல்லமெண்டு சொல்லுவார்."

இந்த ஏற்பாட்டை அதிகாரியிடம் சொன்னபோது அவருடைய ஒரே கவலை, ஒரு கணுவும் வெளியே போகக் கூடாது என்பது. கணுவிருந்தால் அறுகு மீண்டும் முளைக்கும். இலை நுனி முளைக்காது. மேசையருகே அவரே நின்று முதல் நாள் ஒவ்வொரு கைப்பிடியையும் சோதித்தார். வேலை செய்யும் முறையையும் அவர்தான் கற்பித்தார். கல்லின் மேலேயே கால் வைக்க வேண்டும். கல்லைப் புரட்டக் கூடாது. அடியிற் பல்லி இருக்கும். மேலே ஓடும் கொடியை விரலாற் பின்தொடர்ந்து, கணு கணுவாய்த் தூக்க வேண்டும். ஆழத்தில் ஓடும் வேரைத் தோண்டக் கூடாது. தோண்டினால் புழு சாகும். அது முளைவிடும் போதெல்லாம் கிள்ள வேண்டும். கிள்ளிக்கொண்டேயிருந்தால் பட்டினி கிடந்து இறந்துவிடுமாம். வாராவாரம் வந்து கிள்ள யாரால் முடியும் என்று அவர் கவலைப்பட்டார். வாராவாரம் வந்து அறுகு கிள்ளுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதென்று நான் அவரிடம் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது.

முதற் சனிக்கிழமை ஐந்து பெண்கள் வந்தார்கள், அடுத்ததில் பதினொருவர். முழங்காலுக்குக் கீழே பழைய தலையணை, தோளில் துண்டு, கையிற் காய்கறிக் கத்தி. குளிர்காலத்தில் அந்தக் களிமண் சப்பாத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ஒருவர் சப்பாத்து இல்லாமலே அடுத்த கல்லுக்குத் தாவினார். பள்ளத்திலிருந்து வந்த காற்று உப்பாய் உதட்டிற் படிந்தது. வேலை நடக்க நடக்கப் பேச்சு. வீட்டுக் கடன், மருமகள், தோசை மாவு புளிக்காத குளிர். இடையிடையே, "அங்கிள், இது உங்கடை புல்லோ, நல்ல புல்லோ?" என்று என்னைக் கேட்பார்கள். என்னுடையதென்றால் களை என்று பொருள். அந்தப் பெயர் அறுகோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் வாரம் நண்பர் வந்தார். என்னிடம் பேசாமல், மனுவின் மூன்று பக்கங்களையும் திருப்பிப் பின்பக்கத்திற் கட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படர்ச்சியைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, எந்தச் சதுரம் முடிந்தது, எதில் மறுபடி முளைத்தது என்று குறிக்கத் தொடங்கினார். "நாலாவது சதுரத்துல மறுபடி பச்சை. யாரு அந்தப் பக்கம்? அண்ணாச்சியா? அதானே பாத்தேன்," என்றார். அதுவே எங்கள் சமாதானம்.

மண்டபத்திற் பிள்ளையார் அறுகுக்குள் மறைந்துபோனார். தும்பிக்கை மாத்திரம் வெளியே தெரிந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு. "ஐயோ, அவர் கொஞ்சம் மூச்சு விடட்டும்," என்று என் மனைவியே மாலைகளை விலக்கிவிட்டாள்.

வசந்தம் பிறந்ததும் அறுகும் விழித்துக்கொண்டது. வெயில் அதற்கு உகந்தது. ஒரு வாரத்தில் வெறுமண்ணாய்க் கிடந்த சதுரம் அடுத்த வாரம் பச்சைப் புள்ளிகளாய் நின்றது. சனிக்கிழமை மாத்திரம் போதாதென்று புதன்கிழமையும் போனோம். ஒக்டோபர் இறுதியில், நண்பரின் தாளில் ஒரேயொரு சதுரம் மாத்திரம் முடிவுறாமல் நின்றது: பெரிய கல்லை அணைத்த சதுரம், நான் முதற் கணுவை நட்ட இடம். அங்கே ஒரு நாள் முழுவதும் வயிற்றிற் படுத்துக் கிடந்து கல்லின் கீழ் விரல் விட்டு இழுத்தேன். என் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை வேர் அறாமல் வந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். பெண்கள் கைதட்டினார்கள்.

நவம்பரில் அதிகாரி வந்து சதுரம் சதுரமாகப் பார்த்தார். இரண்டு இடத்திற் கிள்ளினார். மருந்தடிக்கும் வண்டி வரவேண்டியதில்லை என்றார். மூச்சு விட்டோம். ஆனால் அவர் மேலும் ஒன்று கூறினார்: புல்லை எடுத்துவிட்டோம், புழுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பது யாருக்கும் தெரியாது. அத்தனை காலம் அறுகின் கீழே, நெருக்குண்ட வேரில் அவை பிழைத்தனவா? எங்கள் விரல்களே அவற்றை நசுக்கியிருக்குமா? வெயில்தான் விடை சொல்ல வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்தேன். முகில். காற்று. மறுபடி முகில். கடைசியாக, காற்றே இல்லாமல் வெயில் காய்ந்த ஒரு நாள் வந்தது. பதினொரு மணிக்கு அதிகாரியும் நானும் நண்பரும் கல்வெளியில் நின்றோம். மேட்டின் இந்தப் பக்கத்தில் ஆண் அந்துகள் எழுந்துவிட்டன. ஒன்று, நான்கு, பின்னர் எண்ண முடியவில்லை. அவற்றுட் சில நாங்கள் துப்புரவாக்கிய இடத்துக்கு மேலாகவும் பறந்தன. நான் குதிக்காத குறை. அதிகாரி தலையசைத்தார். பறப்பது எங்கிருந்தும் வரலாம், அங்கேயே பிறந்தது என்பதற்கு அடையாளம் வேண்டும் என்றார். அந்து வெளிவரும்போது தன் கூட்டுப்புழுத் தோலை மண்ணிற் செருகியபடியே விட்டுச் செல்லும். அந்த வெற்றுத் தோலைத் தேட வேண்டும்.

மூவரும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தேடினோம். வெயில் முதுகைச் சுட்டது. மண் வெடிப்பிலெல்லாம் கண் வைத்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. முயற் பிழுக்கை, கல்லின் சில்லு, யாருடையதோ கொண்டை ஊசி. என் உற்சாகம் வடியத் தொடங்கியது. நான் கொன்றுவிட்டேன் என்று மனத்துக்குள் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இது என்னது?" என்றார் நண்பர். "பேரீச்சங்கொட்டை மாதிரி நட்டுக்கிட்டு நிக்கி. யாரு இங்க பேரீச்சம்பழம் தின்னது?"

நான் போய்ப் பார்த்தேன். பெரிய கல்லிலிருந்து ஒரு முழ தூரத்தில், ஒரு வல்லபிப் புல்லின் குடுமியருகே, மண்ணிலிருந்து பாதி எழுந்து நின்றது அது. பழுப்பு, பளபளப்பு, மேல்நுனி பிளந்து வெறுமை. தொட அஞ்சி அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தம் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, இன்று காலை வெளிவந்தது என்றார்.

நண்பர் தம் தாளை எடுத்து அந்தச் சதுரத்தைத் தேடினார். "நம்ம கடைசி சதுரம்," என்றார். "நேரம் என்ன, சொல்லுங்க, எழுதணும்."

நான் நேரம் பார்க்கவில்லை. வயிற்றில் மறுபடியும் படுத்து, கன்னத்தை மண்ணோடு வைத்து, அந்தக் குடுமியின் மறுபக்கத்தைப் பார்த்தேன். அங்கே இன்னொன்று நின்றது. அதற்கப்பால், கல்லின் நிழலோரம், மூன்றாவது. மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உடனை வாரும்," என்றேன். "எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும். கல்லிலை கால் வைச்சு வரச் சொல்லும்."